‘இல்லை’ என்று காட்டிய திரை

அத்தியாயம் 11

அக்கா தன் யூனிஃபார்மை மூன்றாவது தடவையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. பிற்பகல் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் விசாரணை. அக்காவை வேலையிலிருந்து விலக்கி வைத்து நாலாவது நாள். விசாரணைக்கு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வரலாமா, கூடாதா என்று யாரும் சொல்லவில்லை. போட்டுக்கொண்டு போனால் திமிர் என்பார்கள். போடாமல் போனால் தப்பை ஒப்புக்கொண்டாள் என்பார்கள். முடிவுக்கு வர முடியாமல்தான் இந்த இஸ்திரி.

“அது தேஞ்சே போயிடும்க்கா,” என்றாள் சின்னி, ரொட்டியை மென்றுகொண்டே.

“போகட்டும். எனக்கு வேற வேலை என்ன இருக்கு?”

திங்கட்கிழமை நடந்தது இதுதான். காலில் அடிபட்டு, நினைவில்லாமல் தூக்கிவரப்பட்ட ஒரு லாரி டிரைவருக்கு டாக்டர் ஊசி எழுதினார். வார்டில் சீனியர் நர்ஸான அக்கா, கம்ப்யூட்டரில் அவருடைய பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ‘மருந்து ஒவ்வாமை: இல்லை’ என்று இருந்தது. ஊசியைப் போட்டாள். பத்து நிமிடத்தில் அவர் முகம் வீங்கி மூச்சு திணறிவிட்டது. ஓடி ஓடி வைத்தியம் பார்த்து, இரண்டு நாள் கழித்து மனிதர் எழுந்து உட்கார்ந்தார். ‘அந்த மருந்து அவருக்கு ஆகாதுன்னு எங்க தெருவுக்கே தெரியும். இங்க யாரும் எங்களைக் கேக்கல’ என்றாள் அவர் மனைவி.

ஆஸ்பத்திரிக்காரர்கள் டேட்டாபேஸிலிருந்து அவர் விவரத்தை அச்செடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வாமைக்கான கட்டம் காலி. காலியாக இருந்தால் உறவுக்காரர்களைக் கேட்ட பிறகுதான் ஊசி போட வேண்டும் என்பது விதி. ‘காலியா இல்ல, இல்லைன்னு இருந்துச்சு’ என்று அக்கா சாதித்தாள். புதன்கிழமை எல்லோர் முன்னிலையிலும் அதே பக்கத்தைத் திறந்து காட்டினார்கள். ‘மருந்து ஒவ்வாமை: கேட்கப்படவில்லை’ என்றது திரை.

கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டோடு பொய் சொன்னாள் என்பதும் சேர்ந்துகொண்டது.

“சின்னி, ஒண்ணு கேக்கறேன். உங்க கம்ப்யூட்டர்ல காலியும் இல்லையும் ஒண்ணா?”

“இல்லக்கா. ரெண்டும் வேற வேற.”

“அப்போ காலியா இருக்கறதை அது இல்லைன்னு காட்டாது.”

“காட்டக்கூடாது.”

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “அப்ப என் கண்ணுலதான் கோளாறு.”

சின்னி ரொட்டியைத் தட்டில் வைத்தாள். ஆஸ்பத்திரியின் அந்த மென்பொருளை எழுதிக் கொடுத்தது அவள் வேலை பார்க்கும் கம்பெனி. அக்காவின் கணவரும் அங்கேதான். மாமா பன்னிரண்டு வருஷமாக அங்கே தலைமைப் பொறியாளர். அம்மா இறந்த பிறகு சின்னி இந்த வீட்டுக்கு வந்ததும், இரண்டு வருஷத்துக்கு முன் அதே கம்பெனியில் சேர்ந்ததும் அவர் தயவால்தான். ஆஸ்பத்திரி விஷயம் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் பேச்சையே சுருக்கிக்கொண்டார். இன்றைக்கும் ஏழு மணிக்கே கிளம்பிப் போய்விட்டார்.

“மாமா என்னக்கா சொல்றார்?”

“என்ன சொல்வார்? மனசைத் தளரவிடாதேன்னார்.”

அந்தப் பதில் சின்னிக்கு என்னவோ போலிருந்தது. கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிற மனுஷன், மனைவியின் வேலையே ஒரு திரையில் தொங்கும்போது, மனசைப் பற்றியா பேசுவார்?

ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக அவள் அதைச் சோதித்துப் பார்த்தாள். ஒரு பொய் நோயாளியை உருவாக்கினாள். ஒவ்வாமைக் கட்டத்தை நிரப்பாமல் விட்டாள். வார்டு திரையைத் திறந்தாள்.

கேட்கப்படவில்லை.

இன்னொரு நோயாளி. மறுபடியும் கேட்கப்படவில்லை. வேறு கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்து பார்த்தாள். அங்கேயும் அதே.

கம்ப்யூட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. அப்படியானால் அக்கா பார்த்தது என்ன? இருபது வருஷமாக ஒரு மாத்திரை மாற்றிக் கொடுத்ததில்லை என்று பெயரெடுத்தவள். பக்கத்து வீட்டுக்குப் போன தபாலைக்கூடத் தேடிப்போய் வாங்கிச் சரிபார்க்கிறவள். அவள் கண் எப்படித் தப்பாகப் பார்க்கும்? ஆனால் திரையும் கண் முன்னால் இருக்கிறதே.

எதிர் மேஜையிலிருந்து குண்டூசி எட்டிப் பார்த்தாள். மென்பொருள் வெளியே போவதற்கு முன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தவறு தேடுவது அவள் வேலை. தேடியதை எல்லோருக்கும் குத்திக் காட்டுவதால் அந்தப் பெயர். அவளுக்கே அதில் கொஞ்சம் பெருமை.

“என்ன, காலையிலேயே பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?”

சின்னி சொன்னாள். குண்டூசி நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

“எந்த வெர்ஷன்ல பாக்கறே?”

“இப்ப ஓடறதுல.”

“உங்க அக்கா ஊசி போட்டது திங்கக்கிழமை. இது செவ்வாய் மத்தியானம் போன வெர்ஷன்.”

“செவ்வாயா? எனக்கு யாரும் சொல்லலையே.”

“எனக்கே சொல்லல. ‘சிறு திருத்தம்’னு ஒரு வார்த்தை போட்டு அனுப்பிட்டாங்க. டெஸ்டிங்குக்கே வரல. அதுக்கு நான் மூணு நாளா சண்டை போட்டுக்கிட்டிருக்கேன், ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்கறாங்க.”

திங்கட்கிழமை வெர்ஷனைத் தேடி எடுத்து ஓடவிட முக்கால் மணி நேரம் ஆனது. அதே பொய் நோயாளி. அதே காலிக் கட்டம். சின்னி வார்டு திரையைத் திறந்தாள்.

மருந்து ஒவ்வாமை: இல்லை.

“உங்க அக்கா பாத்தது இதைத்தான்,” என்றாள் குண்டூசி. அவள் குரலில் குத்தல் இல்லை.

சின்னிக்கு வந்தது சந்தோஷமா, பயமா என்று அவளுக்கே விளங்கவில்லை. அக்கா பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் தப்பு இந்தக் கட்டிடத்துக்குள், இந்த மாடியில், யாரோ ஒருவர் மேஜையில் நடந்திருக்கிறது.

எங்கே தேட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அந்த மென்பொருளுக்குள் ஒரு நோயாளி இரண்டு உருவத்தில் இருப்பார். கீழ் அடுக்கில், டேட்டாபேஸில், அவர் ஒரு வரிசை. பெயர், வயது, ஒவ்வாமை என்று வரிசையாகக் கட்டங்கள். நிரப்பியது நிரம்பியிருக்கும், நிரப்பாதது காலியாக இருக்கும். மேல் அடுக்கில் அவர் ஒரு முழு நோயாளி. அவருக்கு இன்னது ஆகாது, இன்ன மருந்து தரலாம் என்று டாக்டரும் நர்ஸும் புழங்குவது அந்த உருவத்தோடுதான். இரண்டு அடுக்கும் ஒன்றையொன்று நேராகத் தொடாது. நடுவில், வரிசையைப் படித்து நோயாளியாக மாற்றித் தருவதற்கென்றே ஒரு சின்ன நிரல் துண்டு உட்கார்ந்திருக்கும். மேப்பர் என்பார்கள். பார்க்கச் சுவாரசியமே இல்லாத வேலை. இந்தக் கட்டத்தில் இருப்பதை அந்த இடத்தில் போடு, அந்தக் கட்டத்தில் இருப்பதை இந்த இடத்தில் போடு. புதிதாகச் சேருகிறவர்கள் தலையில்தான் அதைக் கட்டுவார்கள்.

ஒவ்வாமைக்கான வரியை அவள் கண்டுபிடித்தாள். கட்டம் காலியாக இருந்தால், ஒன்றுமே எழுதாத ஒரு பட்டியலை மேலே அனுப்பச் சொன்னது அது. கீழே காலி என்றால் ‘யாரும் கேட்கவில்லை’ என்று அர்த்தம். மேலே வெறும் பட்டியல் என்றால் ‘கேட்டோம், எதுவும் இல்லை’ என்று அர்த்தம். நடுவில் ஒரே வரியில் அர்த்தம் மாறிப்போயிருந்தது. திரை தனக்கு வந்ததை நம்பி எழுதியது. அக்கா திரையை நம்பினாள்.

யார் எழுதியது என்று பார்க்க ஒரு சொடுக்கு போதும். சொடுக்கினாள்.

அவள் பெயர்.

இரண்டு வருஷத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. சின்னி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எழுதிய ஞாபகமே இல்லை. கீழே, அதைப் படித்துப் பார்த்துச் சரியென்று அனுமதித்தவர் பெயர் இருந்தது. மாமா. அதற்கும் கீழே, இந்த வாரம் செவ்வாய் காலை ஏழு பத்துக்கு அந்த வரியை மாற்றியவர் பெயர். அதுவும் மாமா.

திங்கள் மாலை அக்கா அழுதுகொண்டு வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். மறுநாள் காலை ஏழு பத்துக்கு அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. புதன்கிழமை எல்லோர் முன்னாலும் அக்கா பொய்க்காரியாக நின்றபோது, அந்தத் திரையில் இருந்தது அவர் மாற்றி எழுதிய வார்த்தை.

மாமா கடைசி மீட்டிங் அறையில் தனியாக இருந்தார். லேப்டாப் திறந்திருந்தது, ஆனால் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, ஒவ்வாமை மேப்பர்...” என்று ஆரம்பித்தாள்.

அவர் மெல்லத் திரும்பினார். “எப்படித் தெரிஞ்சுது?”

“திங்கக்கிழமை வெர்ஷனை ஓட்டிப் பாத்தேன்.”

“நல்லாத்தான் வேலை கத்துக்கிட்டிருக்கே.” பாராட்டா, வருத்தமா என்று பிரித்துப் பார்க்க முடியாத குரல்.

“அந்த வரி நான் எழுதினது.”

“ஆமா.”

“நீங்க மாத்தினீங்க.”

“மாத்தாம இருக்க முடியுமா? பதினாலு ஆஸ்பத்திரியில ஓடுது. அடுத்த ஊசி எங்க போட்டிருப்பாங்களோ.”

“அது சரி மாமா. அக்காகிட்ட ஏன் சொல்லல?”

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அவளுக்கு இருபது வருஷ சர்வீஸ். மிஞ்சிப்போனா ஒரு எச்சரிக்கைக் கடிதம், ஆறு மாசம் வேற வார்டு. உன் பேர் வெளிய வந்தா அப்படி இல்ல. ஒரு உசிரு போகப் பாத்த விஷயம். இனிமே எந்த இடத்துலயும் உன்னை எடுக்க மாட்டாங்க. உங்கம்மா கடைசியா எங்கிட்ட பேசினதே உன்னைப் பத்தித்தான்.”

“எனக்காகவா மறைச்சீங்க?”

“உனக்காகத்தான்.”

“அனுமதிச்சவங்கன்னு உங்க பேரும் இருக்கே மாமா.”

அறைக்கு வெளியே யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். அவர் லேப்டாப்பை மூடினார்.

“அதுவும்தான்,” என்றார் கடைசியில். “உனக்காக எவ்வளவு, எனக்காக எவ்வளவுன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல. செவ்வாய்க்கிழமை காலைல சரி பண்ணிட்டு, அன்னைக்கே சொல்லிடலாம்னுதான் நெனச்சேன். அன்னைக்குச் சொல்லல. புதன்கிழமை சொல்லியிருக்கணும். அதுக்கப்புறம் எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியாம போச்சு.”

“மூணு மணிக்கு விசாரணை.”

“தெரியும். இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ. திங்கக்கிழமை நம்ம மேனேஜர் வந்துடுவார். நானே சொல்றேன்.”

திட்டினால் திருப்பித் திட்டலாம். இப்படிக் கெஞ்சுகிற மாமாவை அவள் பார்த்ததில்லை. சரியென்றும் சொல்லாமல், முடியாதென்றும் சொல்லாமல் வெளியே வந்தாள்.

தன் இடத்தில் வந்து உட்கார்ந்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெயர்கள் இருந்த அந்தப் பக்கத்தையே மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தாள். ஓரத்தில், அந்த வரியைப் பற்றி அப்போது இருவரும் எழுதிக்கொண்ட ஒரு சிறிய பேச்சு மடங்கிக் கிடந்தது. விரித்தாள். அவள் இரண்டு வருஷத்துக்கு முன் கேட்ட கேள்வி: ‘இந்தக் கட்டம் காலியாக இருந்தால் திரை திறக்காமல் நின்றுவிடுகிறது. என்ன செய்வது, மாமா?’ ஆபீசில் மாமா என்று எழுதக்கூடாது என்பதுகூடத் தெரியாத காலம். அவர் பதில்: ‘வெறும் பட்டியலாகக் கொடுத்துவிடு.’

அவ்வளவுதான். அவள் கேட்டிருக்கிறாள். அவர் சொல்லியிருக்கிறார். அவள் செய்திருக்கிறாள். அப்படியானால் தப்பு யாருடையது? கேட்டவளுடையதா, சொன்னவருடையதா? சொன்னதை அப்படியே செய்துவிட்டு, ‘காலி என்றால் இல்லை என்று ஆகிவிடாதா’ என்று இன்னொரு கேள்வி கேட்காமல் விட்டவளுடையதா? யோசிக்க யோசிக்கக் குழம்பியது. தன் பெயரைக் காப்பாற்ற மாமாவைக் காட்டிக் கொடுக்கிறோமா, அக்காவைக் காப்பாற்றத் தன்னைக் காட்டிக் கொடுக்கிறோமா என்றுகூடத் தெளிவாகவில்லை. தெளிவாக இருந்தது ஒன்றுதான். கடிகாரத்தில் இரண்டாகப் போகிறது.

அந்தப் பக்கத்தை அச்செடுத்தாள். பிரிண்டர் பக்கத்தில் நின்ற குண்டூசி, காகிதத்தையும் அவள் முகத்தையும் பார்த்தாள்.

“பஸ்ஸுக்கு நிக்காதே, ஆட்டோல போ,” என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி வராந்தாவில், நிர்வாக அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். யூனிஃபார்மில்தான் வந்திருந்தாள். முதுகு நேராக இருந்தது, முகம்தான் தொங்கிப்போயிருந்தது. மடியில் மடித்த ஒரு காகிதம்.

“நீ எங்கடி இங்க? லீவு போட்டியா?”

“அது என்னக்கா கையில?”

“எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன். கவனிக்காம விட்டுட்டேன்னு.”

“நீ கவனிச்சே இல்ல?”

“கவனிச்சேன்னுதான் நெனச்சேன். இப்பவும் கண்ணை மூடினா ‘இல்லை’ன்னுதான் தெரியுது. ஆனா திரையில வேற இருக்கு, காகிதத்துல வேற இருக்கு. அத்தனை பேரும் ஒரு பக்கம் சொல்றப்போ நான் ஒருத்தி மட்டும் எப்படிச் சரியா இருப்பேன்? வயசாகுது. பாக்காததைப் பாத்த மாதிரி நெனக்க ஆரம்பிச்சுட்டேன்போல.”

சின்னி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆட்டோவில் வரும்போது அச்செடுத்த தாளை இரண்டாக மடித்திருந்தாள். மேல் பாதியில் அவள் பெயர். மாமாவின் பெயர் வரும் கீழ்ப் பாதி உள்ளே போய்விட்டது. வேண்டுமென்று மடித்தாளா, கை தானாக மடித்ததா, கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

“அக்கா, நீ பாத்தது சரி. திங்கக்கிழமை ‘இல்லை’ன்னுதான் இருந்துச்சு. கீழ காலியா இருக்கறதை மேல இல்லைன்னு மாத்திக் காட்ற மாதிரி ஒரு வரி. அதை எழுதினது நான்தான்.”

அக்கா புரியாமல் பார்த்தாள். சின்னி மறுபடி சொன்னாள். டேட்டாபேஸ், பட்டியல் என்றெல்லாம் உளறி, பாதியில் நிறுத்தி, மூன்றாவது முறை சொன்னபோதுதான் அக்காவுக்குப் பிடிபட்டது.

“கேக்கவே இல்லைங்கறதை, கேட்டாச்சு ஒண்ணும் இல்லன்னு போட்டுட்டியா?”

“ஆமாக்கா.”

“நான் தெர்மாமீட்டரே வைக்காம காய்ச்சல் இல்லைன்னு சார்ட்ல எழுதினா என்னை என்னடி பண்ணுவாங்க?”

சின்னி தலையைக் குனிந்துகொண்டாள். அடி விழும் என்று காத்திருந்தவளின் தோளில் அக்காவின் கை வந்து விழுந்தது.

“அப்போ நான் பாத்தது பாத்ததுதான்.”

“ஆமாக்கா.”

“பாத்ததுதான்,” என்று இன்னொரு தடவை தனக்கே சொல்லிக்கொண்டாள் அக்கா. நாலு நாளாகத் தொலைத்திருந்த ஏதோ ஒன்று அவள் முகத்துக்குத் திரும்பி வந்தது. பிறகு நர்ஸின் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. “அப்புறம் புதன்கிழமை எப்படி மாறிச்சு?”

சின்னி வாயைத் திறப்பதற்குள் அக்கா தாளை வாங்கி விரித்துவிட்டாள். கீழ்ப் பாதியைப் படித்தாள். படித்துவிட்டு, அச்சான எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

“செவ்வாய் காலைல ஏழு பத்து.”

“எனக்காகன்னு சொல்றார்க்கா. வர்ற திங்கக்கிழமை மேனேஜர்கிட்ட அவரே...”

“அன்னைக்குக் காலைல எட்டரைக்கு வீட்டுக்கு வந்தார். வாக்கிங் போனேன்னார். நான் சமையல்கட்டுல அழுதுகிட்டு நின்னேன். ‘என்னங்க, நான் சரியாத்தானே பாத்தேன்’னு கேட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“‘களைப்புல இருந்திருப்பே, கவனிச்சிருக்க மாட்டே’ன்னார். தலையைத் தடவிக் குடுத்தார்.”

அக்காவின் குரலில் கோபமில்லை. அதுதான் சின்னியைப் பயமுறுத்தியது.

அறைக்கதவு திறந்தது. ஒரு குமாஸ்தா தலையை நீட்டினார். “சிஸ்டர், வாங்க. கூப்பிடறாங்க.”

அக்கா எழுந்தாள். எழுதி வைத்திருந்த மன்னிப்புக் கடிதத்தை நாலாகக் கிழித்து, பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்த குப்பைக் கூடையில் போட்டாள். அச்சுத்தாளை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

“நீயும் வா. எழுதினதை உன் வாயால சொல்லு.”

“மாமா பேரு?”

அக்கா பதில் சொல்லுமுன் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமா. இரண்டு இரண்டு படியாக ஏறி வந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒப்புக்கொள்ள வந்திருக்கிறாரா, தடுக்க வந்திருக்கிறாரா என்று அந்த முகத்திலிருந்து சின்னியால் எதையும் படிக்க முடியவில்லை.

“ஒரு நிமிஷம்,” என்றார் அவர்.

அக்கா அவரைப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல, நிதானமாக, உச்சி முதல் பாதம் வரை. பிறகு சின்னியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், கதவைச் சாத்தினாள்.